அரைக்கால்

எண்சுவடி என்றொரு நூல் இருந்ததென்பதை இக்காலத்து மாணவர் அறியார். என் தந்தையாரின் தந்தையாரிடம் ஒன்று இருந்தது. ஒட்டுசுட்டான் பக்கத்து வயற்காரர் அவர். அறுவடை ஒடுங்கிய சிறுபோகத்து மாலைகளில், முற்றத்து மணலிலே சுட்டுவிரலால் ஒரு சதுரத்தைக் கீறி, அதை இரண்டாய்ப் பிளந்து, 'அரை' என்பார். பின்னும் பிளந்து, 'கால்' என்பார். பின்னும் பிளந்து, 'அரைக்கால்' என்பார். அதிற் பாதி வீசம். வீசத்துக்கு மாகாணி என்றும் பெயர். மாவும் காணியும் கூடினால் மாகாணி. மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டிப் பார்ப்பவர் பதினாறில் ஒன்று வருவதைக் காண்பர். வீசத்திற் பாதி அரைவீசம். அதிற் பாதி கால்வீசம், அஃதாவது அறுபத்துநான்கில் ஒன்று. மணலில் அவ்வளவு சிறிய கோடு கீற முடியாது. அந்த இடத்தில் அவர் சிரித்து மணலை அழித்துவிடுவார்.

பண்டிதப் பரீட்சைக்குப் படித்த நாளில் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியைப் படித்தேன், எண்ணுப்பெயரைப் படித்தவனல்லேன். படித்ததெல்லாம் பாட்டனாரின் மணலிலேதான். ஆசிரியனான பின்பு, ஆண்டுக்கொரு முறையாவது அந்தப் பெயர்களை மாணவர்க்குச் சொல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தேன். 2010இல் அதனை நிறுத்திவிட்டேன். நிறுத்திய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மீள்குடியேற்றம் தொடங்கியிருந்த காலம். தகரக் கூரையின்கீழ் வகுப்பு. 'அரை, கால், அரைக்கால்' என்று கரும்பலகையில் எழுதித் திரும்பினேன். வகுப்பு அசையாதிருந்தது. முன்வரிசையில் இருந்த பையன் ஒருவன் தன் காற்சட்டையின் ஒரு பக்கத்தை மெல்ல இழுத்து மூடிக்கொண்டான். எட்டில் ஒன்று என்பதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் அந்த வகுப்பிலே வேறு பொருள் தந்துவிட்டது. சிலேடை என்று அணியிலக்கணத்தில் கற்பிக்கிறோம். ஒரு சொல் இரு பொருள் தருவது எவ்வளவு கொடிதாகலாம் என்பதை அணியிலக்கணம் சொல்வதில்லை. பலகையை அழித்துவிட்டு வேறு பாடம் நடத்தினேன்.

அந்தச் சொல்லை மறுபடி சொல்ல நேர்ந்தது சென்ற ஆண்டு ஆவணியிலே.

அதே காலத்து மாணவி ஒருத்தி. இப்பொழுது கிளிநொச்சி மாவட்டத்து ஆரம்பப் பாடசாலையொன்றில் ஆசிரியை. பெயர் வேண்டாம். 2009 சித்திரையிலே, புதுமாத்தளனில், பத்து வயதில், அவள் முதுகிலே ஒரு செல் துண்டு ஏறியது. நாரியில், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில். எடுக்க அப்பொழுது வசதியில்லை. பின்னர் எடுக்க வேண்டாமென்றார்கள். புண் ஆறியது, துண்டு உள்ளே இருந்துவிட்டது. வன்னியில் இது புதினமன்று. இங்கே ஒரு வகுப்பறையில் நின்று 'உடம்பில் இரும்பு உள்ளவர் கையுயர்த்துக' என்று கேட்டால் உயரும் கைகளை எண்ணிக் கேட்பவர் நாணுவர்.

அண்மைக் காலமாக இடக்காலிலே விறைப்பு என்றாள். வைத்தியசாலையில் சீ.ரி. ஸ்கான் எடுத்தார்கள். காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் அவளுக்கு ஆகாது. உடம்புக்குள் இருப்பது உருக்கானால் காந்தம் அதனைப் பிடித்திழுக்கும். படம் பதிந்த இறுவட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, சத்திரசிகிச்சை நிபுணரிடம் செல்லும்படி அனுப்பினார்கள். நிபுணரைக் காண இரண்டு கிழமை இருந்தது. அந்த இரண்டு கிழமைக்குள் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தாள்.

"ஐயா, அது எவ்வளவு பெரிசு எண்டு எனக்குத் தெரியாது. பத்து வயசிலையிருந்து தெரியாது. ஒருக்காப் பாக்கவேணும்."

பெருவிரலை மடக்கிக் காட்டினாள். அவ்வளவு இருக்குமென்று பதினைந்து ஆண்டுக்கு மேலாக எண்ணியிருந்திருக்கிறாள்.

தமிழ்ப் பண்டிதனிடம் கேட்கத்தக்க கேள்வியன்று இது. ஆயினும் பண்டிதனுக்கும் மாணவர் பலவிதம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே இருக்கின்றதன்றோ? அங்கே கணினிப் பொறியியல் கற்கும் என் பழைய மாணவன் ஒருவனை அழைத்தேன். மடிக்கணினியோடு வந்தான். என் வீட்டுத் திண்ணையில் மூவரும் இருந்தோம். அன்றைக்கு நான் கற்றதையே ஈண்டு எழுதுகின்றேன். பிழையிருப்பின் அது மாணவனுடையதன்று.

அவன் முதலில் சொன்னது இது. சீ.ரி. ஸ்கான் என்பது படமன்று, எண்களின் குவியல். கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் அமைத்த இயந்திரம் 1971இல் இலண்டனிலே முதன்முதல் ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது. 1979இல் அவருக்கும், அலன் கோமாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இயந்திரம் உடம்பைத் துண்டந்துண்டமாக அளந்து, ஒவ்வொரு துண்டத்தையும் சிறு சிறு அறைகளாக்கி, ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கும். நீருக்குச் சுழி. காற்றுக்கு மறை ஆயிரம். எலும்புக்குச் சில நூறு தொடங்கி ஆயிரத்துக்கும் மேலே. இந்த அளவைக்கு ஹவுன்ஸ்பீல்டின் பெயரே வைத்திருக்கிறார்கள். துண்டங்களை ஒன்றன்மேலொன்றாய் அடுக்கினால், அறைகள் கனசதுரங்களாகும். அதற்கு 'வொக்சல்' என்று பெயராம்.

ஒரு பக்கத்துக்கு 512 அறை. மூன்று பக்கமும் அப்படியே எனக் கொண்டால் 13 கோடியே 42 இலட்சத்துச் சொச்சம் அறைகள். சரியாகச் சொன்னால் 134,217,728. இத்தனை எண்களுக்கு நடுவே எங்கேயோ ஓர் இரும்புத் துண்டு இருக்கின்றது. அதன் எல்லை எது? அதுவே கேள்வி.

எல்லை என்றதும் எனக்கு வயல் வரம்பு நினைவு வந்தது. வரம்பு என்ற சொல்லே எல்லையையும் குறிக்கும். வயலிலே மண்ணால் அணைத்த மேட்டையும் குறிக்கும். வன்னியில் அரைவாசி வழக்கு அந்த மேட்டைப் பற்றியதுதான். வரம்புக்கு அகலம் உண்டு. அகலம் இருப்பதால் இப்பக்கத்தான் ஒரு போகத்துக்கு ஒரு மண்வெட்டி செதுக்குவான்; அப்பக்கத்தான் மறு போகத்தில் செதுக்குவான். கணினியில் எல்லைக்கு அகலமில்லை. உள்ளே இருக்கும் அறைக்கும் வெளியே இருக்கும் அறைக்கும் இடையிலுள்ள முகமே எல்லை. முகம் எவருக்கும் சொந்தமன்று, செதுக்கவும் இயலாது. இதை நான் சொல்லவே பையன், "அதுதான் ஐயா, அதேதான்" என்றான். எனக்கு மகிழ்ச்சியாயிருந்தது. கணிதத்திலே எனக்குக் கிடைத்த முதற் பாராட்டு அது.

இனி மரத்துக்கு வருவோம். அவன் ஒரு கனசதுரத்தை வரைந்தான். உடம்பின் படம் முழுவதும் அதற்குள் அடக்கம். அதனிடம் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: உனக்குள் இருப்பது முழுதும் இரும்பா, முழுதும் இரும்பல்லாததா, இரண்டும் கலந்ததா? முழுதும் ஒன்றேயானால் அத்தோடு விடலாம், அது இலை. கலந்திருந்தால், நீளத்தில் ஒரு வெட்டு, அகலத்தில் ஒரு வெட்டு, உயரத்தில் ஒரு வெட்டு. எட்டுச் சிறு கனசதுரங்கள் வரும். ஒவ்வொன்றிடமும் அதே கேள்வி. கலந்தது மட்டும் பின்னும் எட்டாய்ப் பிரியும். இப்படியே, இனிப் பிரிக்க முடியாத ஓர் அறை வரும்வரை.

"உதுக்கு ஒக்ட்ரீ எண்டு பேர் ஐயா. எட்டுக் கிளை மரம்."

"ஒவ்வொரு கிளையும் தாயில் எத்தனை பங்கு?"

"எட்டில ஒண்டு."

என் வாய்வரை வந்த சொல்லை நான் விழுங்கினேன். பக்கத்தில் அவள் இருந்தாள்.

இந்த மரம் தலைகீழானது. வேர் மேலே, இலை கீழே. வேர் மேலிருக்கும் அரசமரத்தைக் கீதை பேசுகின்றது. ஆகையால் நமக்குப் புதுமையில்லை. அன்றியும், கேள்வி கேட்டுக் கிளை பிரிக்கும் மரம் தமிழிலக்கண மாணவனுக்குப் பழகியதே. சொல்லைக் கண்டதும் கேட்கிறோம்: உயர்திணையா, அஃறிணையா? உயர்திணையானால் ஆண்பாலா, பெண்பாலா, பலர்பாலா? அஃறிணையானால் ஒன்றன்பாலா, பலவின்பாலா? ஐம்பால் என்பது ஐந்து இலையுள்ள மரம். வேறுபாடு ஒன்றுண்டு. எங்கள் மரத்தில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பெயருண்டு. அவர்கள் மரத்தில் ஓர் இடமுண்டு. கீழே இடப்பக்கம் முன், மேலே வலப்பக்கம் பின் என்று இடத்தைச் சொன்னால் கிளை தெரிந்துவிடும்.

தளத்திலே நான்காகப் பிரிக்கும் மரத்தை 1974இல் ரபேல் பின்கல், ஜோன் பென்ட்லி என்னும் இருவர் வெளியிட்டனர். எட்டாகப் பிரிப்பதை, 1980இல் அமெரிக்காவின் றென்சலர் தொழினுட்பக் கழகத்திலிருந்து டொனால்ட் மீகர் என்பவர் விரிவாக எழுதினார். அதே ஆண்டில் வேறு இருவரும் அம்முறையை எழுதியிருக்கிறார்கள். ஒரே கருத்து ஒரே காலத்தில் பலர்க்குத் தோன்றுவது இலக்கியத்திலும் உண்டு. அங்கே அதற்குக் களவு என்று பெயர் சூட்டிச் சண்டை பிடிப்போம்.

இந்த மரத்தின் பயன் எங்கே என்றால், எல்லை என்பது கலந்த கணுக்களிலேதான் இருக்கும். முழுதும் இரும்பான பெட்டியின் நடுவிலும் எல்லை இல்லை; முழுதும் தசையான பெட்டியின் நடுவிலும் எல்லை இல்லை. ஆகவே அவற்றைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. கணுக்களின் தொகை பொருளின் பருமனைப் பொறுத்துப் பெருகுவதில்லை. மேற்பரப்பைப் பொறுத்தே பெருகும். மேற்பரப்பே நாம் தேடும் எல்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். படத்தில் ஓர் அறையின் பக்கம் ஏறத்தாழ முக்கால் மில்லிமீற்றர். 512 அறை கொண்ட பெரும்பெட்டியின் பக்கத்தைப் பாதியாக்கினால் 256. பின்னும் பாதி 128. பின்னும் 64, 32, 16. பதினாறு அறை என்பது 12 மில்லிமீற்றர். துண்டு நல்ல இடத்தில் விழுந்திருந்தால், ஐந்து படி இறங்கி, படிக்கு எட்டாக நாற்பது பெட்டியைக் கேட்டு, 13 கோடி அறையிலிருந்து 4,096 அறைக்கு வந்துவிடலாம்.

அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம். ஐந்து படி. பாட்டனார் மணலில் கீறிய வரிசை அப்படியே. பக்கம் அரையாகும்போது கொள்ளளவு அரைக்காலாகும். பக்கம் காலாகும்போது கொள்ளளவு கால்வீசமாகும். அவர் சிரித்து அழித்த இடத்தை இந்த மரம் இரண்டாம் படியிலேயே தாண்டிப் போகிறது. ஐந்தாம் படியில் கொள்ளளவு முப்பத்தீராயிரத்துச் சொச்சத்தில் ஒன்று. அதற்குப் பெயர் என்னிடம் இல்லை.

"அப்ப எல்லா அறையையும் பாக்காமலே கண்டுபிடிக்கலாமோ?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டியது.

பையன் உண்மை சொன்னான். மரத்தைக் கட்டுவதற்கு ஒரு முறை எல்லா அறையையும் பார்த்தே ஆகவேண்டும். பெட்டிக்குள் மிகப் பெரிய எண் எது, மிகச் சிறிய எண் எது என்று கீழிருந்து மேலாகக் கணு தோறும் எழுதி வைக்க வேண்டும். ஒரு முறை கட்டிவிட்டால் பின்பு கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் மறுமொழி விரைவில் வரும். இரும்பின் எல்லையைக் கேட்கலாம். எலும்பின் எல்லையைக் கேட்கலாம். தோலின் எல்லையைக் கேட்கலாம். ஒரு பெட்டியின் மிகப் பெரிய எண்ணே நாம் தேடுவதற்குக் குறைவானால், அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டா. இவ்வாறு எண்கிளை மரத்தால் மேற்பரப்பை விரைந்து காணும் வழியை 1992இல் வில்ஹெம்ஸ், வான் கெல்டர் என்போர் எழுதினர் என்றான்.

மரத்துக்கு ஒரு குறையும் உண்டு. பொருள் பெரும்பெட்டியின் நடுவிலே, வெட்டுக்கள் சந்திக்கும் இடத்திலே விழுந்துவிட்டால், கடுகளவு பொருளாயினும் எட்டுப் பெட்டியும் கலந்துவிடும். ஓர் அறை அப்பால் நகர்ந்தால் மரத்தின் வடிவே மாறும். பொருள் அதே, மரம் வேறு. நம் மாணவியின் துண்டு அப்படித்தான் இருந்தது. முதல் வெட்டு அதனை ஊடறுத்துச் சென்றது. கணினிக்கு அதனால் பெரிய நட்டமில்லை. ஆயினும் எனக்கு அது என்னவோ போலிருந்தது.

பிரிந்த கனசதுரங்களில் ஒன்றின் அயல் எது என்று காண்பது அடுத்த வேலை. அயல் தெரியாமல் எல்லை தெரியாது. இரண்டு பெட்டிகள் பக்கத்திலே ஒட்டியிருந்தும் மரத்தில் வெவ்வேறு கிளையில் தொங்கும். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்து ஹனான் சமெட் என்னும் பேராசிரியர் இதனை நெடுங்காலம் ஆராய்ந்தவர். வழி இதுதான்: இருவர்க்கும் பொதுவான மூதாதை கிட்டும்வரை மேலேறு; பின்பு ஏறிய வழியைக் கண்ணாடியிற் போல மறுபுறமாக்கிக் கீழிறங்கு. இதைக் கேட்டதும் அவள் சிரித்தாள். முள்ளியவளையில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் கிழவிகள் செய்வது அதுவேயாம். 'நீ ஆற்ற பிள்ளை?' என்று தொடங்கி, பேரன் முறையில் ஏறி, ஒரு கொப்பாட்டனில் இருவரையும் சந்திக்கவைத்து, மறுபக்கத்தால் இறங்கி, 'அப்ப நீ எனக்கு மருமேள் முறை' என்று முடிப்பார்கள். சமெட்டின் நூல் 1990இல் வந்தது. கிழவிகள் அதற்கு முந்தியவர்கள்.

ஒரு பெட்டியைப் பிடித்தாயிற்று. எல்லையின் ஒரு முகத்தைக் கண்டாயிற்று. மீதி முகங்களையெல்லாம் தவறாமல், ஒன்றை இரண்டு முறை எண்ணாமல் எப்படிக் காண்பது? இவ்விடத்தில் வேறொரு மரம் வருகின்றது. எனக்கு முன்னதைக் காட்டிலும் இதுவே பிடித்தது.

1981இல், அமெரிக்காவின் பபலோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த எஹுட் ஆர்ட்சி, கிடியோன் பிரீடர், காபோர் ஹெர்மன் ஆகிய மூவர் ஒரு கட்டுரை எழுதினர். கனசதுரத்தின் முகத்துக்கு நான்கு ஓரம் உண்டு. ஒவ்வொரு முகத்திலிருந்தும் இரண்டு ஓரம் வழியாக மட்டும் வெளியேறி, அடுத்த இரண்டு முகங்களுக்குச் செல்ல வேண்டுமென்று விதி வைத்தனர். அந்த விதிப்படி ஒவ்வொரு முகத்துக்கும் இரண்டு வழியாகவே வரமுடியும். இழவு சொல்லும் வழக்கத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டாரும் இரண்டு வீட்டுக்குச் சொல்லவேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இருவர் வந்து சொல்வர். முதலாவது ஆள் வந்ததும் வீட்டின் பெயரைத் தாளில் எழுதிக்கொள். இரண்டாவது ஆள் வந்ததும் பெயரை வெட்டிவிடு. இனி அங்கு எவரும் வாரார். ஆதலால் தாள் நீளாது. ஊர் முழுவதும் சொல்லி முடிந்தபோது தாள் வெறுந்தாளாயிருக்கும். ஒரு முகத்திலிருந்து தொடங்கினால் அந்த மேற்பரப்பின் எந்த முகமும் விடுபடாது என்பதை நிறுவியிருக்கிறார்கள். அக்காலத்துச் சிறு கணினியிலே, நினைவகம் குறைந்த நாளிலே, வைத்தியசாலைப் படங்களுக்கு இதைப் பயன்படுத்தினார்கள்.

அடுத்த ஆண்டு, 1982இல், அம்முறையை மூன்று பரிமாணத்துக்கு அப்பாலும் விரித்து எழுதிய மூவரில் இருவர் நம் பக்கத்தார்: ஜெயராம் உடுப்பா, சர்கூர் ஸ்ரீஹரி. உடுப்பா பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். ஸ்ரீஹரியும் பெங்களூரில் கற்றவர். மூன்றாமவர் ஹெர்மனே.

இம்முறையில் நுட்பமொன்று உண்டு. பொருள் உட்குடைவானதாயின் வெளிப்புறத்தில் தொடங்கும் நடை உட்புறத்துக்குப் போகாது. தேங்காய்ச் சிரட்டையின் வெளிமுகம் ஓர் எல்லை. உள்முகம் வேறோர் எல்லை. இரண்டையும் தனித்தனியே நடந்துதான் காணவேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு வழியில்லை.

இவ்வளவும் பேசி முடிய இருட்டிவிட்டது. அவன் திரையைத் திருப்பினான்.

முதலிலே முள்ளந்தண்டின் கண்டங்கள் வெண்மையாய்த் தோன்றின. அதற்கு இடப்பக்கத்தில், சிவப்பு நிறம் தீட்டப்பட்டு, ஒரு சிறு பொருள். ஒரு பக்கம் மழுங்கி, ஒரு பக்கம் கூராய் இருந்தது. நீளம் ஏறத்தாழ 11 மில்லிமீற்றர். விரலால் தொட்டுத் திருப்பினால் திரும்பியது.

எவரும் ஒன்றும் பேசவில்லை. என் மனையாள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, திரையைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டாள்.

"புளியங்கொட்டை அளவுதான்" என்றாள் அவள்.

பையன் ஓர் எச்சரிக்கை சொன்னான். இரும்பு இருக்கும் இடத்தில் ஸ்கான் இயந்திரம் தடுமாறும். கதிர் இரும்பை ஊடுருவ மாட்டாது. அதனால் துண்டைச் சுற்றி நட்சத்திரத்தின் கதிர் போலக் கீற்றுக்கள் விழும். துண்டு உள்ளதைக் காட்டிலும் பெருத்துத் தோன்றும். எண்ணும் ஓரளவுக்கு மேல் ஏறாது. வழக்கமான அளவையில் 3,071இல் நின்றுவிடும். ஆகையால் எந்த எண்ணுக்கு மேலே இரும்பு என்று நாம் சொல்கிறோமோ, அதற்கேற்ப எல்லை நகரும். மரம் பொய் சொல்வதில்லை. ஆனால் அது காட்டுவது எண்ணின் எல்லை, இரும்பின் எல்லையன்று. செய்தும் காட்டினான். எண்ணைக் குறைத்தான், துண்டு ஊதிப்பெருத்து, கொம்பும் முள்ளும் முளைத்து, பக்கத்து எலும்பைத் தொட்டது. எண்ணைக் கூட்டினான், சுருங்கி, எலும்பை விட்டு விலகியது. தொடுகிறதா, விலகியிருக்கிறதா? அவள் காலின் விறைப்புக்கு விடை அந்த இரண்டு மூன்று அறை இடைவெளியிலே இருந்தது.

"உண்மையில் எது?" என்று நான் கேட்டேன்.

"அதை டொக்டர்தான் சொல்லவேணும் ஐயா. நான் கோடு மட்டும்தான் கீறுவன்."

அந்த மறுமொழிக்காக அவனை மெச்சினேன். கோடு கீறுபவன் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் காணிக் கச்சேரியில் என்ன நடக்குமென்று வன்னியார் அறிவர்.

இரண்டு கிழமைக்குப் பின்பு நிபுணர் பார்த்தார். துண்டுக்கும் நரம்புக் கால்வாய்க்கும் இடையே இடமிருக்கிறதென்றும், விறைப்புக்குக் காரணம் துண்டன்று, அதற்கு மேலுள்ள கண்டங்களுக்கிடையே உள்ள வட்டின் பிதுக்கமே என்றும் சொன்னார். துண்டை எடுக்க வெட்டினால் நல்ல தசையும் கெடும்; இருந்தபடியே இருக்கட்டும் என்றார். இப்பொழுது உடற்பயிற்சி செய்கிறாள். விறைப்பு ஓரளவு குறைந்திருக்கிறது. முழுதும் மாறவில்லை.

சென்ற தைப்பொங்கலுக்கு மறுநாள் மறுபடி வந்தாள். மூன்றாம் வகுப்புக்குப் பின்னம் கற்பிக்கிறாளாம். முறுக்கை உடைத்து அரைவாசி, கால்வாசி என்று காட்டினாளாம். ஒரு பிள்ளை, கால்வாசியையும் உடைத்தால் என்ன பெயர் ரீச்சர் என்று கேட்டுவிட்டது. 'எட்டில் ஒன்று' என்றாளாம். 'அது பேரில்லை, கணக்கு' என்றதாம் பிள்ளை.

"ஐயா, அதுக்குத் தமிழிலை ஒரு பேர் இருக்கெண்டு நீங்கள் ஒரு நாள் போட்டிலை எழுதினீங்கள். பிறகு அழிச்சுப்போட்டியள். எனக்கு ஞாபகம் இருக்கு. முழுதும் எழுதித் தாங்கோ."

அன்றைய வகுப்பில் அவளும் இருந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்பொழுதுதான் விளங்கியது. கொப்பி ஒற்றையொன்றை எடுத்து எழுதத் தொடங்கினேன். ஒன்று. அரை. கால். பேனா நின்றது.

"எழுதுங்கோ ஐயா" என்றாள். "அந்தப் பொடியனைப் போன கிழமை பரந்தனிலை கண்டனான். கடை வைச்சிருக்கிறான். உங்களைச் சுகம் கேட்டவன்."